மஞ்சள் பொடி, பழுப்புப் புகை: காட்மியம் குறித்து வாசகர் கேள்விகள்

காட்மியம் சல்பைடு என்னும் மஞ்சள் பொடியைப் பற்றியும் காட்மியம் ஆக்சைடு என்னும் பழுப்புப் புகையைப் பற்றியும் ஆய்வகம், நகைப் பட்டறை, வயல் என்று பல இடங்களிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. உலோகம் ஒன்றுதான். அது எந்த வடிவில் இருக்கிறது, எந்த வேலையின்போது தூளாகவோ ஆவியாகவோ கரைசலாகவோ கிளம்புகிறது என்பதைப் பொறுத்தே ஆபத்து கூடுகிறது, குறைகிறது. பதில்கள் அனைத்தும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதுகலை வேதியியல் மாணவி, திருச்சி: காட்மியம் சல்பேட்டையும் சோடியம் சல்பைடையும் கொண்டு காட்மியம் சல்பைடு தயாரித்தோம். ஒரு குழுவுக்கு நல்ல எலுமிச்சை மஞ்சள் கிடைத்தது. இன்னொரு குழுவுக்கு அழுக்குப் பச்சை. எங்களுக்கு வடிதாளில் நிற்காமல் மஞ்சள் நீராக ஓடிவிட்டது. மீந்ததைக் காற்றில் சூடாக்கியபோது பழுப்பாகிவிட்டது. எங்கே பிழை?

நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. முதலில் எடை. கடையில் கிடைக்கும் காட்மியம் சல்பேட் படிகத்தில் மூன்று சல்பேட் அலகுக்கு எட்டு நீர் மூலக்கூறு இருக்கும். ஒரு காட்மியம் அணுவுக்கு 256.5 என்று கணக்கிட வேண்டும். பலர் நீரற்ற உப்பின் 208.5ஐ வைத்து எடை போட்டுவிடுகிறார்கள். அப்போது காட்மியம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, சல்பைடு அந்த அளவுக்கு மிஞ்சிவிடும். மிஞ்சிய சல்பைடு அயனிகள் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒன்றையொன்று விலக்கிக் கூழ்மமாக மிதக்க வைக்கும். வடிதாளில் நிற்காத மஞ்சள் நீர் அநேகமாக அதுதான்.

0.02 மோல் அளவுக்குச் சரியான கணக்கு இது: காட்மியம் சல்பேட் படிகம் 5.13 கிராம், 200 மில்லி காய்ச்சி வடித்த நீரில். ஒன்பது நீர் மூலக்கூறுள்ள சோடியம் சல்பைடு படிகம் 5.04 கிராம், 100 மில்லி நீரில். சல்பைடு இதில் ஐந்து சதவீதம் மட்டுமே கூடுதல். சல்பைடு கரைசலைக் காட்மியம் கரைசலில் சொட்டுச் சொட்டாக, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு, கலக்கியபடியே சேருங்கள். முடிவில் தெளிந்த நீரில் ஒரு சொட்டை லெட் அசிடேட் தாளில் வைத்தால் இலேசாகக் கறுக்க வேண்டும். கறுக்காவிட்டால் சல்பைடு போதவில்லை. சோடியம் சல்பைடு கரைசல் நல்ல காரம் என்பதால், சல்பைடு போதாத இடத்தில் காட்மியம் ஹைட்ராக்சைடும் காரச் சல்பேட்டும் கூடவே வீழ்ந்துவிடும். அவை சூட்டில் காட்மியம் ஆக்சைடாகிப் பழுப்பைத் தரும்.

கலவையை 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து, இரவு முழுக்கப் படிய விடுங்கள். மேல்நீரை இறுத்துவிட்டு, முதல் இரண்டு கழுவலுக்கு 0.5 சதவீதச் சோடியம் சல்பேட் கரைசலைப் பயன்படுத்துங்கள். உப்பு இருக்கும்வரை துகள்கள் திரண்டே நிற்கும். அதன்பின் வெறும் நீர். கழுவிய நீர் பேரியம் குளோரைடுக்கு வெண்மை காட்டாதபோது, அதாவது சல்பேட் உப்பு தீர்ந்தபோது, கழுவுவதை நிறுத்தலாம். 105 டிகிரியில் உலர்த்தினால் முழு விளைச்சல் 2.89 கிராம் வர வேண்டும். மூன்றரை கிராம் வந்தால் மகிழ வேண்டாம். உள்ளே நீரும் உப்பும் இருக்கின்றன என்று பொருள்.

அழுக்குப் பச்சை பெரும்பாலும் இரும்பால் வருவது. தொழில்தரச் சோடியம் சல்பைடு செதில்களின் செம்பழுப்புக்கு அதிலுள்ள இரும்பு ஒரு காரணம். போர் தண்ணீரில் கரைத்திருந்தாலும் இதே கதைதான். இரும்பு, செம்பு, ஈயம் மூன்றின் சல்பைடும் கறுப்பு. மஞ்சளைக் கெடுக்கச் சிட்டிகை போதும். சோடியம் சல்பைடு படிகம் காற்றில் ஈரம் இழுத்துத் தயோசல்பேட்டாகவும் மாறும். பாட்டிலில் கசிந்து கிடப்பதை எடை போட்டால் கணக்கு நிற்காது.

சூடாக்கும் கட்டம் தனியாகப் பேச வேண்டியது. புதிதாக வீழ்ந்த சல்பைடு மிக நுண்ணிய, ஒழுங்கு குறைந்த படிகம். 550 முதல் 600 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால்தான் அறுகோணப் படிகமாக முதிர்ந்து, நிறம் ஆழமாகும். அதைக் குழாய் உலையில், நைட்ரஜன் ஓட்டத்தில் செய்ய வேண்டும். 100 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது. காற்றில் சூடாக்கினால் கந்தகம் டைஆக்சைடாகப் போய்விடும். சல்பேட்டும் ஆக்சைடும் மிஞ்சும். உங்கள் பழுப்பு அங்கிருந்தும் வந்திருக்கலாம். சூட்டில் பொடி சிவப்பாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். காட்மியம் சல்பைடு சூட்டில் சிவந்து, ஆறினால் மஞ்சளுக்குத் திரும்பும். அதன் ஆற்றல் இடைவெளி அறை வெப்பநிலையில் 2.42 எலக்ட்ரான் வோல்ட். நீலத்தையும் ஊதாவையும் விழுங்கி மஞ்சளைத் திருப்பித் தருகிறது. சூட்டில் அந்த இடைவெளி சுருங்குவதால் பச்சையையும் விழுங்கத் தொடங்குகிறது.

மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லா வேலையும் ஃப்யூம் ஹூடு எனப்படும், புகையை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டுக்குள், நைட்ரைல் கையுறையுடன் நடக்கட்டும். அந்த ஹூடுக்குள் அமில பாட்டில் இருக்கவே கூடாது. சல்பைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்; செறிவு கூடினால் அழுகிய முட்டை நாற்றம் மூக்குக்கு எட்டாமல் போய்விடும் என்பதால் நாற்றத்தை நம்ப முடியாது. உலர்ந்த கட்டியைக் கல்வத்தில் வறண்ட நிலையில் அரைக்காதீர்கள். நீர் சேர்த்துக் குழைத்தே அரையுங்கள்.

அதே ஆய்வகத்திலிருந்து இன்னொரு மாணவர்: கழுவிய நீரைச் சுண்ணாம்பு போட்டுச் சாக்கடையில் விடலாமா?

விடக் கூடாது. சுண்ணாம்பு போதுமா என்பதைப் பிஹெச் தீர்மானிக்கிறது. காட்மியம் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கத்தை வைத்துக் கணக்கிட்டால், பிஹெச் 9இல் லிட்டருக்கு 8 மில்லிகிராம் காட்மியம் கரைந்தே நிற்கும். பிஹெச் 10இல் அது ஏறத்தாழ 0.08 மில்லிகிராமாகக் குறையும். ஆகவே 10.5க்கு மேல் ஏற்ற வேண்டும். வெறும் லிட்மஸ் தாள் நீலமானதைப் பார்த்து நிறுத்துபவர்கள் பாதிக் காட்மியத்தை வெளியே அனுப்புகிறார்கள். கழிவில் அம்மோனியா கலந்திருந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. அம்மோனியா காட்மியத்தை அணைவுச் சேர்மமாகப் பிடித்துக் கரைசலிலேயே வைத்திருக்கும். அப்போது சல்பைடாக வீழ்த்துவதுதான் வழி. நம் நாட்டுப் பொது விதியில் உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் காட்மியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை அனுமதி. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் அது 0.003 மில்லிகிராம். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், விதி அனுமதிக்கிறதே என்று சாக்கடையை நாட மனம் வராது.

வீழ்ந்த சேற்றையும் வடிதாளையும் கையுறையையும் மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் சேர்த்து, 'காட்மியம் கழிவு, அமிலம் சேர்க்காதே' என்று எழுதி ஒட்டுங்கள். அபாயகரக் கழிவு விதிகள் 2016இன்படி அது அங்கீகாரம் பெற்ற அகற்றும் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அப்படி ஒன்று இயங்குகிறது. சிறிய கல்லூரிகள் அருகிலுள்ள கல்லூரிகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பினால் செலவு தாங்கும்.

இளநிலை வேதியியல் ஆசிரியர், பாளையங்கோட்டை: உப்பில் உள்ள உலோகத்தைக் கண்டறியும் பண்பறி பகுப்பாய்வில் காட்மியம் இருந்தும் இரண்டாம் தொகுதியில் மஞ்சள் வீழ்படிவு வரவில்லை என்கிறார்கள் மாணவர்கள்.

அமிலம் அதிகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.3 மோலார் அளவில் இருந்தால்தான் காட்மியம் முழுமையாக வீழும். ஒரு மோலாரை நெருங்கினால் குளோரைடு அணைவும் சேர்ந்து அதைக் கரைசலிலேயே நிறுத்திவிடும். மாணவர்கள் உப்பு கரையவில்லை என்று செறிந்த அமிலத்தைச் சேர்த்துவிட்டு, நீர்த்துப்போகச் செய்யாமலே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துகிறார்கள். கரைசலை நான்கு மடங்கு நீர்த்து மறுபடி செலுத்தச் சொல்லுங்கள், மஞ்சள் வரும்.

செம்பும் சேர்ந்திருந்தால் கறுப்பு மஞ்சளை மறைத்துவிடும். பழைய கையேடுகள் இங்கே பொட்டாசியம் சயனைடைச் சொல்கின்றன. மாணவர் கையில் சயனைடைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. வீழ்படிவை 1 மோலார் கந்தக அமிலத்தில் ஹூடுக்குள் கொதிக்க விட்டால் காட்மியம் சல்பைடு கரையும், செம்பு சல்பைடு கரையாது. வடித்து, அமிலத்தைத் தணித்து, மறுபடி வாயுவைச் செலுத்தினால் தூய மஞ்சள்.

மஞ்சள் கண்டதும் காட்மியம் என்று எழுதிவிடவும் கூடாது. ஆர்செனிக் சல்பைடும் மஞ்சள்தான். இந்தத் தனிமம் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தக் குழப்பத்தில்தான். ஜெர்மனியில் மருந்துக்கு விற்ற துத்தநாக ஆக்சைடு ஹைட்ரஜன் சல்பைடுக்கு மஞ்சள் காட்டியதால் ஆர்செனிக் கலப்படம் என்று சந்தேகப்பட்டார்கள். 1817இல் கோட்டிங்கன் பேராசிரியர் ஃப்ரீட்ரிக் ஸ்ட்ரோமேயர் அதில் ஆர்செனிக் இல்லை, புதிய உலோகம் இருக்கிறது என்று காட்டினார். வேறுபடுத்துவது எளிது: ஆர்செனிக் சல்பைடு சோடியம் ஹைட்ராக்சைடிலும் மஞ்சள் அம்மோனியம் சல்பைடிலும் கரையும், காட்மியம் சல்பைடு கரையாது.

நகைத் தொழிலாளி, கோவை: கேடிஎம் பற்றாசு வைத்துப் பத்த வைக்கும் நாட்களில் சாயங்காலம் தொண்டை வறண்டு, இரவில் குளிர் காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

பால் இதைத் தொடாது. புகை போனது நுரையீரலுக்கு. வயிற்றில் இறங்கும் பாலுக்கு அங்கே வேலை இல்லை.

கேடிஎம் என்ற பெயர் காட்மியத்திலிருந்து வந்தது. பரவலாகப் புழங்கிய கலவை 92 பங்கு தங்கம், 8 பங்கு காட்மியம். பழைய செம்பு, வெள்ளிப் பற்றாசு நகையின் மாற்றை, அதாவது தங்கத் தரத்தை, குறைத்தது. இது குறைக்கவில்லை, நன்றாக ஓடவும் செய்தது, அதனால் பிடித்துப்போனது. அது நன்றாக ஓடும் காரணமே அதன் கேடும். காட்மியம் 321 டிகிரியில் உருகி, 767 டிகிரியில் கொதிக்கிறது. உங்கள் ஊதுகுழல் சுடர் அதற்கு மிக மேலே. கொதித்துக் கிளம்பும் ஆவி காற்றில் எரிந்து, கண்ணுக்குச் சட்டெனப் படாத நுண்ணிய காட்மியம் ஆக்சைடாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் பற்றாசில் 80 மில்லிகிராம் காட்மியம். அதில் இருபதில் ஒரு பங்கு, 4 மில்லிகிராம், புகையாகப் போவதாக வைத்துக்கொள்வோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட பட்டறையில் 28 கன மீட்டர் காற்று. ஒரு கன மீட்டருக்கு 0.14 மில்லிகிராம் வருகிறது. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி எட்டு மணி நேரச் சராசரியாக அனுமதிப்பது 0.005. சன்னலை மூடிவிட்டு, சுடர் அசையக் கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தும் பட்டறையில் இதைத் தவிர்க்க வழியே இல்லை.

இதைவிடக் கொடியது பற்றாசைப் பட்டறையிலேயே உருக்கிச் சேர்ப்பது. தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். தங்கம் உருகும் அந்தக் குகைக்குள் (உருக்கும் கிண்ணத்துக்குள்) காட்மியத் துண்டைப் போட்டால் அது உருகிய கையோடு கொதிக்கத் தொடங்கிவிடும். பழுப்பு மஞ்சள் புகை பீறிட்டு வரும். வெங்காரம் தூவினால் கொஞ்சம் அடங்கும், நிற்காது. மூடிய அறையில் இந்த ஒரு வேலை உயிரையே எடுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அறிகுறிகள் ஏமாற்றுபவை. வேலை செய்யும்போது கண் எரிச்சல்கூட இருக்காது. நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்துத் தொண்டை வறட்சி, தலைவலி, நடுக்கம், நெஞ்சு இறுக்கம் வரும். துத்தநாகப் புகைக் காய்ச்சலும் அப்படியே தொடங்கும், ஆனால் ஓரிரு நாளில் விட்டுவிடும். காட்மியத்தில் மறுநாள் மூச்சு வாங்குவது கூடும், நுரையீரலில் நீர் கோக்கும். காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய், 'காட்மியம் புகையைச் சுவாசித்தேன்' என்று சொல்லி, மார்பு எக்ஸ்ரேவும் ஆக்சிஜன் அளவும் பார்க்கச் சொல்லுங்கள்.

நிரந்தரத் தீர்வு காட்மியம் இல்லாத பற்றாசு. துத்தநாகம், இண்டியம் சேர்த்து 916 மாற்றுக்கு ஒத்துவரும் பற்றாசுகள் கிடைக்கின்றன. வேலைப்பாட்டில் சூட்டைச் சற்றுக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும், ஓரிரு வாரத்தில் கை பழகிவிடும். பழைய கேடிஎம் நகையைப் பழுது பார்க்கும்போது மாற்றுப் பற்றாசு உதவாது, பழைய இணைப்பிலிருந்தே புகை வரும். அதற்கு, சுடரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வாய் வைத்து, வெளிச்சுவரைத் தாண்டிப் புகையை இழுத்துத் தள்ளும் குழாய் விசிறி வேண்டும். உச்சந்தலைக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் விசிறி புகையை முதலில் உங்கள் மூக்கு வழியாகத்தான் இழுக்கும். கைக்குட்டையும் சர்ஜிக்கல் முகக்கவசமும் இந்தத் துகளைத் தடுக்காது. மேசையிலும் சுவரிலும் படிந்திருக்கும் பழுப்பை ஈரத் துணியால் துடையுங்கள், துடைப்பம் வேண்டாம். பட்டறை மண்ணை வாங்கிப் போய் எரித்து உருக்குபவர்களுக்கும் அதில் காட்மியம் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இல்லத்தரசி, காரைக்குடி: பீரோவில் உள்ள பழைய கேடிஎம் சங்கிலியைப் பிள்ளைகள் அணியலாமா?

பெரியவர்கள் அணிவதால் பயப்பட வேண்டியதில்லை. காட்மியம் இணைப்புகளில் மட்டும், தங்கத்தோடு கலந்து கெட்டியாக இருக்கிறது. தோல் வழியாக அது ஏறுவது மிகச் சொற்பம். நகையை வாயில் வைத்துச் சப்பும் குழந்தைக்கு வேண்டாம். மலிவு விலைக் கவரிங் நகைகளில் சில நேரம் மொத்த உலோகமே காட்மியம் கூடியதாக இருப்பதுண்டு. குழந்தைகள் விஷயத்தில் அதுதான் பெரிய கவலை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த விதி, நகை உலோகத்தில் காட்மியத்தை 0.01 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துகிறது. கேடிஎம் என்ற முத்திரை ஹால்மார்க் ஆகாது. விற்கும்போதோ மாற்றும்போதோ ஹால்மார்க் எண்ணையே கேளுங்கள்.

ஏசி மெக்கானிக், மதுரை: குழாய்களைப் பற்றவைக்கும் சில்வர் ராடில் (வெள்ளிக் கலவைக் கம்பியில்) காட்மியம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உறையில் உள்ள கலவை விவரத்தைப் படியுங்கள். நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு வகையில் 45 சதவீதம் வெள்ளி, 15 செம்பு, 16 துத்தநாகம், 24 காட்மியம். நான்கில் ஒரு பங்கு! 607 டிகிரியில் இளகத் தொடங்கி 618இல் முழுதும் ஓடிவிடும். அந்தச் சுலபத்துக்காகவே இன்னும் கேட்டு வாங்குகிறார்கள். மாற்றாக 56 சதவீதம் வெள்ளி, 22 செம்பு, 17 துத்தநாகம், 5 வெள்ளீயம் கொண்டது 618இல் தொடங்கி 652இல் ஓடும். முப்பத்து நான்கு டிகிரி கூடுதலுக்காக நுரையீரலைக் கொடுக்க வேண்டாம். உறை இல்லாமல் உதிரியாக விற்கும் ராடை வாங்கவே வாங்காதீர்கள்.

செம்போடு செம்பைச் சேர்க்கப் பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடே போதும், ஃப்ளக்ஸும் தேவையில்லை. கம்ப்ரசரின் இரும்புக் குழாயோடு செம்பைச் சேர்க்கும்போது மட்டும் அது ஆகாது. இரும்போடு பாஸ்பரஸ் சேர்ந்து நொறுங்கும் அடுக்கு உண்டாகி, அதிர்வில் விரிசல் விடும். அங்கேதான் வெள்ளி ராடும் ஃப்ளக்ஸும். சுடரைக் குழாயின் மேல் காட்டுங்கள், ராடின் மேல் காட்டாதீர்கள். பழைய இணைப்பைச் சுடர் வைத்துப் பிரிப்பதைவிட ட்யூப் கட்டரால் வெட்டி எடுப்பது நல்லது. அதில் எந்த ராடு வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பொன்னிறப் பூச்சுள்ள பழைய போல்ட்டுகளும் காட்மியம் பூசியவையாக இருக்கலாம். அவற்றின் மேல் வெல்டிங்கோ கிரைண்டரோ வேண்டாம்.

ஓவியர், சென்னை: காட்மியம் மஞ்சள் ட்யூபைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா?

வேண்டாம். எண்ணெயிலோ அக்ரிலிக்கிலோ குழைந்த காட்மியம் சல்பைடு, நாம் பேசும் சேர்மங்களில் மிகக் குறைந்த கேடுள்ளது. நீரில் கரைவதில்லை, பசையில் சிக்கியிருப்பதால் பறப்பதும் இல்லை. கேடு செய்யும் வேலைகள் குறிப்பானவை: உலர்ந்த நிறமிப் பொடியை நீங்களே குழைப்பது, ஏர்பிரஷில் தெளிப்பது, காய்ந்த அடுக்கை உப்புத்தாளால் தேய்ப்பது, வண்ணம் பட்ட கேன்வாஸை எரிப்பது, தூரிகை நுனியை உதட்டால் கூராக்குவது. இவற்றை விட்டுவிட்டால் போதும். தூரிகையை முதலில் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவினால் சாக்கடைக்குப் போவது பெருமளவு குறையும்.

ட்யூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு இருக்கும். பிஒய் 37 என்றால் காட்மியம் சல்பைடு, பிஒய் 35 துத்தநாகம் கலந்தது, பிஆர் 108 செலினியம் சேர்ந்த சிவப்பு. பெயரோடு 'ஹ்யூ' என்ற சொல் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் நிறம் மட்டுமே அது, உள்ளே காட்மியம் இல்லை. அழியாத மஞ்சள் என்ற பெயரும் அரை உண்மைதான். ஒளியும் ஈரமும் சேரும்போது சல்பைடு மெல்ல சல்பேட்டாகி வெளிறும். எட்வர்ட் மங்க், மத்தீஸ் ஆகியோரின் ஓவியங்களிலேயே இப்படி வெளிறிய மஞ்சளைக் கண்டிருக்கிறார்கள். சரியாகச் சுட்டுக் கழுவப்படாத அக்கால நிறமியில் மிஞ்சியிருந்த உப்புகள் இதை விரைவுபடுத்தும். திருச்சி மாணவியிடம் பேரியம் குளோரைடு சோதனைவரை கழுவச் சொன்னதன் பயன் இங்கேயும் தெரிகிறது. கடலோர ஊரில் ஓவியத்தை ஈரச் சுவரில் மாட்டாதீர்கள்.

விவசாயி, தஞ்சாவூர்: அரிசியில் காட்மியம் ஏறுகிறது என்கிறார்கள். வயலை மாறி மாறிக் காய விட்டு நீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் அது கூடுமா?

கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது, ஏனென்றால் உங்கள் வயலிலும் அந்த மஞ்சள் சேர்மம்தான் வேலை செய்கிறது. நீர் கட்டி நிற்கும் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும். மண்ணிலுள்ள காட்மியம் அதோடு சேர்ந்து கரையாத சல்பைடாகிவிடும், வேர் அதை எடுக்க முடியாது. நீரை வடித்துக் காய விட்டால் காற்று புகுந்து சல்பைடு மறுபடி கரையும் வடிவுக்குத் திரும்பும். கதிர் வரும் சமயத்தில் அப்படிக் காய்ந்தால் மணிக்கு அதிகம் போகும். ஜப்பானில் மாசுபட்ட வயல்களுக்குக் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் நீர் கட்டி வைக்கச் சொல்வது இதனால்தான். டோயாமா மாநிலத்தில் ஜின்சூ ஆற்றுப் பாசன வயல்களில் காமியோகா சுரங்கத்தின் காட்மியம் படிந்து, அந்த அரிசியை உண்ட பெண்களின் எலும்புகள் நொறுங்கிய கொடுமையை 1968இல் ஜப்பான் அரசு மாசு நோயாக ஏற்றுக்கொண்டது. அதன் பெயரே 'வலிக்குதே, வலிக்குதே' என்று பொருள்படும் இதாய் இதாய்.

மண்ணில் காட்மியம் குறைவாக இருந்தால் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைக் கைவிட எந்தக் காரணமும் இல்லை. நீர் கட்டியே வைத்தால் ஆர்செனிக் கரைவது கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடப்பவை. மின்முலாம் பட்டறை, பழைய பேட்டரிக் கிடங்கு, தொழிற்சாலைக் கழிவு வாய்க்கால் அருகே வயல் இருந்தால் மட்டும் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். மண் அமிலமாக இருந்தால் சுண்ணாம்பு இட்டுப் பிஹெச்சை 6.5க்கு மேல் கொண்டுவருவது காட்மியத்தைக் கட்டும். துத்தநாக சல்பேட் வாங்கும்போது உரக் கட்டுப்பாட்டுத் தரம் உள்ளதையே வாங்குங்கள். தாதுவில் காட்மியமும் துத்தநாகமும் கூடவே பிறந்தவை என்பதால் மலிவுச் சரக்கில் அது தங்கிவிடும். தரத்தில் அதிகபட்சம் 0.0025 சதவீதம். ஹெக்டேருக்கு 25 கிலோ இட்டால் 0.6 கிராமுக்குச் சற்று மேல். அந்த அளவு தாங்கும், பெயரில்லாத மூட்டைக்கு எந்த அளவும் இல்லை.

பள்ளி ஆசிரியர், ஈரோடு: மாலையில் தானே எரியும் விளக்குச் செய்முறையில் எல்டிஆர் எனும் ஒளி உணரியைப் பயன்படுத்துகிறோம். அதிலும் காட்மியமா?

ஆம், அந்த வளைந்த கோட்டுப் படலம் காட்மியம் சல்பைடுதான். பிசின் மூடியிருக்கும்வரை மாணவர்கள் தொடலாம். உடைத்துப் பார்க்க, தீயில் போட விடாதீர்கள். புதிய செய்முறைகளுக்குச் சிலிக்கான் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் போதும், வேகமும் கூடுதல்.

பெயர் வெளியிட விரும்பாத பட்டறை உரிமையாளர்: இருபது வருடம் பற்றவைத்தவர்களுக்கு என்ன சோதனை எடுக்க வேண்டும்?

மூன்று சோதனைகள்: இரத்தத்தில் காட்மியம், சிறுநீரில் காட்மியம், சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின். இரத்த அளவு அண்மைக்கால வெளிப்பாட்டைக் காட்டும். சிறுநீர் அளவு சிறுநீரகத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்ததைக் காட்டும். உள்ளே போனதில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும். மூன்றாவது, சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பழுதாகத் தொடங்கியதைச் சொல்லும். அமெரிக்க விதியில் கண்காணிப்பைக் கூட்டச் சொல்லும் எல்லைகள்: இரத்தம் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், சிறுநீர்க் காட்மியம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 3 மைக்ரோகிராம், பீட்டா-2 ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 300 மைக்ரோகிராம்.

மாதிரி எடுப்பதில் பிழை அதிகம். பீட்டா-2 புரதம் அமிலச் சிறுநீரில் சிதைந்து, பொய்யாகக் குறைத்துக் காட்டும். பிஹெச் 6க்கு மேல் இருக்க வேண்டும், ஆய்வகத்திடம் முன்பே சொல்லுங்கள். பட்டறையிலேயே கலனில் பிடித்தால் விரல் தூசி விழுந்து சிறுநீர்க் காட்மியம் உயர்ந்துவிடும். குளித்து, வேறு உடை மாற்றிய பிறகு பிடிக்கட்டும். புகைப்பவரின் இரத்த அளவு எப்படியும் பல மடங்கு கூடியிருக்கும், புகையிலைச் செடியே காட்மியத்தை இழுப்பதால். அதைப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். இரும்புச் சத்துக் குறைந்தவர்களின் குடல் உணவிலுள்ள காட்மியத்தைக் கூடுதலாக எடுக்கும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

சேர்ந்ததை மருந்தால் இழுத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். ஈயத்துக்குப் பயன்படும் டைமெர்கேப்ரால் காட்மியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்துக்கே கூடுதல் கேடு செய்யும். எல்லை தாண்டியவரைச் சுடர் வேலையிலிருந்து எடுத்து, கூலி குறையாமல் வேறு வேலை கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஆய்வகத்தில் அதே மூன்று சோதனைகளையும் திரும்ப எடுங்கள்.